முன்னாலேயே கிளம்பிவிடுகிறவர்

'7.8.1982, சனி. பொருட்காட்சி. நாங்கள் இருவர், பக்கத்து வீட்டுக்காரர், குழந்தை. குட்டி ரயில், ராட்டினம், டெல்லி அப்பளம். மழை இல்லை. ஏழே காலுக்கு வீடு.'

அந்த வருட நாட்குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது. மழை பெய்யாததைக்கூடக் குறித்து வைத்தவன், அன்று மாலை நடந்ததைக் குறிக்கவில்லை. மறதியால் அல்ல. பக்கத்து வீட்டுக்காரர், அந்தக் குழந்தையின் அம்மா, கேட்டுக்கொண்டார். "என்ற பேரும் எதுலயும் வர வேண்டாமுங்கண்ணா" என்றும் சொன்னார். அவர் பெயரைச் சொல்வதில்லை என்ற அந்த இரண்டாவது வாக்கை இப்போதும் காப்பாற்றுகிறேன்.

அப்போது சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஆறு வீடுகள் கொண்ட ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். எங்களுடையது மூன்றாவது, அவருடையது நான்காவது. இடையில் ஒற்றைக்கல் சுவர். அவருடைய தையல் மிஷின் ஓடுவதும் நிற்பதும் எங்களுக்குக் கேட்கும். அது கை மிஷின். வலது கையால் சக்கரத்தைச் சுற்றி, இடது கையால் துணியைத் தள்ளுவார். கால் மிஷின் அவருக்கு ஆகாது. மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் இடது காலைக் குச்சியாக்கி விட்டிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் இடது கையைத் தொடையில் ஊன்றி, அந்தக் காலைத் தள்ளி வைத்துத்தான் நடப்பார். அதனால் அவருடைய எல்லாச் சேலைகளும் ஒரே இடத்தில், இடது தொடைக்கு நேராக, உள்ளங்கை அகலத்துக்கு நைந்துபோகும். உட்புறமாக ஒட்டுத் துணி வைத்துத் தைத்துக்கொள்வார். என் மனைவி சொல்லித்தான் எனக்கு இது தெரியும்.

ஆட்டையாம்பட்டிப் பக்கம் பிறந்தவர். கணவர் வடநாட்டு லைன் லாரி ஓட்டுநர். ஒரு முறை போனால் இருபது நாள், இருபத்தைந்து நாள். முப்பத்து நான்கு வயதில் பிறந்த ஒரே குழந்தை பூங்கொடி. பொருட்காட்சிக்குப் போன அன்று அதற்கு இரண்டு வயதும் இரண்டு மாதமும்.

அவரைப் பற்றி யாராவது கேட்டால் நான் முதலில் காலைப் பற்றிச் சொல்வதில்லை. அவர் எங்கும் முன்னாலேயே கிளம்பிவிடுகிறவர் என்றுதான் சொல்வேன். ஒன்பதரை மணி முகூர்த்தத்துக்கு ஆறு மணிக்குப் புறப்படுவார். ஒரு கல்யாணத்துக்கு அப்படிப் போய்ச் சேர்ந்தபோது மண்டபத்தில் பந்தல்காரர்கள்தான் இருந்தார்களாம். "மாப்ளைய எல்லாரும் பாப்பாங்க. பந்தக்கால் நடறத நா ஒருத்திதான் பாத்தேன்" என்று வந்து சொன்னார். கூடச் சேர்ந்து போகலாம் என்று கூப்பிட்டால் வரமாட்டார். நாம் அவருக்காக நின்று நின்று நடப்பது அவருக்குப் பிடிக்காது.

"காத்துட்டு நிக்கறவங்க மூஞ்சியப் பாத்தா இருக்கற இன்னொரு காலும் நடக்காதுங்கக்கா" என்பார் என் மனைவியிடம்.

சினிமாவுக்கும் அதே கணக்கு. படம் முடிந்து கூட்டம் முண்டியடித்து வெளியேறுவதற்குள் வாசலைத் தாண்டிவிட வேண்டும். அதற்காகக் கடைசிக் கால் மணி நேரத்தை விட்டுவிடுவார். எங்களுக்குத் தெரிந்து அவர் எந்தப் படத்தையும் முழுசாகப் பார்த்ததில்லை. மறுநாள் குழாயடியில் என் மனைவியைப் பிடித்துக்கொள்வார்.

"அக்கா, கடைசில அவன் செத்தானா, பொழச்சானா?"

"செத்துட்டான்."

"அய்யோ! அந்தப் புள்ளைக்குச் சேதி தெரிஞ்சுதா?"

என் மனைவி ஆத்தூர்க்காரி, குறும்புக்காரியும்கூட. கல்யாணத்தில் முடிந்த படத்தைச் சாவில் முடித்துச் சொல்வாள். ஒரு தடவை இந்தப் பொய் வெளிப்பட்டு, இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் அவரே வந்து, "நீங்க சொன்ன முடிவுதான் நல்லாருந்துச்சு. படத்துக்காரனுக்குத் தெரியல" என்றார்.

குழந்தை தவழ்ந்த வரை சிக்கல் இல்லை. அதுவும் தரையில், அவரும் தரையில். வீட்டுக்குள் அவர் பெரும்பாலும் உட்கார்ந்தபடியே நகர்ந்து வேலை செய்வார். பதினான்காம் மாதம் குழந்தை எழுந்து ஓட ஆரம்பித்தது. அப்போது அவர் பழைய பட்டுக்கரையில் ஒரு இடுப்பு வார் தைத்தார். ஒரு முனை குழந்தையின் இடுப்பில், மறு முனை தன் இடுப்பில். நடுவில் நாலு முழம். குழாயடிக்கும் கடைக்கும் அப்படியே போய் வருவார். லைனில் சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை.

கண்டுகொள்ள வைத்தவர் அவருடைய நங்கையா. கணவரின் அக்காவை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். மோகனூரில் ஆற்றுப்பாசனத்தில் வாழையும் கரும்பும் வைத்திருக்கிற குடும்பம். இரண்டு பையன்கள், பெண் பிள்ளை இல்லை. அந்த வருடம் சித்திரையில் வந்தபோது வாரைப் பார்த்துவிட்டார்.

"ஏனம்மிணி, புள்ளையா ஆட்டுக்குட்டியா?"

"ஓடுதுங்க நங்கையா."

"ஓடற புள்ளைக்கு ஓடற ஆளு வேணும். எங்கூட்டுக்கு அனுப்பி உடு. பள்ளிக்கூடத்துல சேக்கற வரைக்கும் நாம் பாத்துக்கறேன். ஆடி நோம்பிக்குப் பொருட்காட்சி கூட்டிட்டுப் போயி ராட்டனம் சுத்திக் காட்டறேன்."

நங்கையா போனதும் இவர் வாரை அவிழ்த்து மிஷின் பெட்டிக்குள் போட்டார். ஆடி பிறந்ததும் எங்கள் வாசலில் வந்து நின்றார். "அண்ணா, பொருட்காட்சிக்குப் போனா நாங்களும் வாரோமுங்க. புள்ளைய ராட்டனத்துல உக்கார வெச்சது அவிங்கம்மாதான்னு இருக்கட்டும்" என்றார். பிள்ளை கையைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் அதில் இருந்தது. எனக்கு அது அன்றைக்கு முழுசாக விளங்கவில்லை.

சனிக்கிழமை நான்கு மணிக்கு நாங்கள் மைதான வாசலுக்குப் போனபோது அவர் குழந்தையோடு ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தார். மூன்றேகாலுக்கு வந்தாராம். வார் இல்லை. குழந்தைக்குச் சிவப்புக் கவுன், அவரே தைத்தது.

உள்ளே நடந்தே தீரவேண்டும். ஒரு பக்கமாக நுழைந்து, அரசாங்க அரங்குகள், பாத்திரக் கடைகள், வளையல் கடைகள் எல்லாவற்றையும் சுற்றித்தான் ராட்டினங்கள் இருக்கிற கோடிக்குப் போக முடியும். உட்கார ஒரு பெஞ்சு கிடையாது. புழுதியில் மணல் கொட்டியிருந்தார்கள். மணலில் அவர் கால் புதைந்தது. ஒவ்வொரு அடிக்கும் இரண்டு அடியின் உழைப்பு. குழந்தை ஒரு கையை இழுத்தது, இன்னொரு கை தொடையில். நாங்கள் மெதுவாக நடந்தால், "நீங்க போயிட்டே இருங்க" என்று துரத்தினார். குட்டி ரயிலை அடைவதற்குள் அவருடைய ரவிக்கை முதுகு முழுவதும் நனைந்திருந்தது.

சின்னக் குழந்தை என்றால் பெரியவர் ஒருவர் கூட ஏறவேண்டும் என்று ரயில்காரர் சொன்னார்.

"நா ஏறறேன்."

ரயில்காரர் அவருடைய காலைப் பார்த்தார். "ஏத்தி எறக்க ஆளு இல்லீங்கம்மா."

"ஏத்த வேண்டாமுங். ரயில நிறுத்தினாப் போதும், நானே ஏறிக்குவேன்."

"ரயிலு நிக்கறதே ரெண்டு நிமிசமுங்க."

"அப்ப நா நேத்தே வந்து ஏறியிருக்கோணும்."

ரயில்காரர் சிரித்துவிட்டார். வழியும் விட்டார். அவர் பெட்டியின் விளிம்பைப் பிடித்து, நல்ல காலை உள்ளே வைத்தும் விட்டார். அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "சீக்கிரம் ஏறுங்கம்மா, புள்ளைங்க நிக்குது." கோபமான குரல்கூட இல்லை. அவர் திரும்பிப் பார்த்தார். வரிசையில் பத்துப் பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். வைத்த காலை எடுத்துவிட்டார். குழந்தையை என் மனைவியின் இடுப்பில் கொடுத்து, "நீங்க போங்கக்கா" என்றார். மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் குழந்தை அவரைப் பார்த்துக் கை ஆட்டியது. அவரும் ஆட்டினார்.

அதன் பிறகு ஜெனரேட்டர் வண்டிக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு சிமெண்டுக் கட்டையில் போய் உட்கார்ந்தார். நான் பெரிய ராட்டினத்துக்குச் சீட்டு வாங்க வரிசையில் நின்றேன். என் மனைவி குழந்தையோடு வரிசைக்கு வெளியே, இருவருக்கும் நடுவில் நின்றாள். சிமெண்டுக் கட்டைக்கும் அவளுக்கும் பதினைந்து அடி இருக்கும்.

ஐந்தரை மணி. கூட்டம் உள்ளே வரும் நேரம். வாசல் தூரம். அவர் வழக்கப்படி, நாங்கள் புறப்படுவதற்கு முன் தான் புறப்பட்டுவிட வேண்டும் என்று நினைத்திருக்கிறார். எழுந்து நின்று, ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேல் குரல் கொடுத்தார்.

"அக்கா, அப்ப நா வாரேனுங்க!"

அவர் பக்கத்துப் பேச்சில் இது விடைபெறுவது. நான் கிளம்புகிறேன், நீங்கள் பிள்ளையோடு பின்னால் வாருங்கள் என்று பொருள். ஆத்தூர்ப் பக்கம் 'போயிட்டு வரேன்' என்று முழுசாகச் சொல்லிப் பழகிய என் மனைவிக்கு, அவர் தன்னிடம் வருகிறார், பிள்ளையை வாங்கிக்கொள்ள வருகிறார் என்று பட்டது. அதே நேரத்தில் நான் வேறு, "ரெண்டு சீட்டு வாங்கிட்டேன், வா வா" என்று அவசரப்படுத்தினேன். அவள் குழந்தையைக் கீழே இறக்கி, "அம்மா வர்றாங்க பாரு, போ" என்று அந்தப் பக்கமாகத் திருப்பிவிட்டாள். குழந்தை ஐந்தாறு அடி வைத்ததைப் பார்த்தாள். பிறகு என்னிடம் ஓடிவந்தாள்.

ராட்டினம் உச்சியில் ஆள் ஏற்றுவதற்காக நின்றபோது கீழே பார்த்தோம். எல்லாம் தலைகள். அந்தத் தலைகளுக்கு நடுவே ஒரு தலை மட்டும் ஒவ்வொரு அடிக்கும் இடப்பக்கம் சாய்ந்து நிமிர்ந்து வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. "அதோ போறாங்க" என்றாள் என் மனைவி. குழந்தை அவர் கையைப் பிடித்து நடக்கிறது என்றே இருவரும் நினைத்துக்கொண்டோம். அங்கிருந்து பார்த்தால் குழந்தை தெரியாதுதானே.

இறங்கி வாசலுக்குப் போனோம். அவர் மதில் ஓரமாகத் தனியாக உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எங்களுக்குப் பின்னால் பார்த்தார்.

"புள்ள எங்கீங்கக்கா?"

"என்னது? நீங்கதானே வரேன்னீங்க?"

"நா வாரேன்னு சொல்லிட்டுத்தானே வந்தேன்!"

இரண்டு பேரும் ஒரே சொல்லை மாற்றி மாற்றிச் சொன்னார்கள். பிறகு இருவரும் ஒரே சமயத்தில் நிறுத்தினார்கள். மணி ஆறு ஐந்து.

ஒலிபெருக்கி அறைக்கு நான்தான் ஓடினேன். 'இரண்டு வயதுப் பெண் குழந்தை, சிவப்புக் கவுன்' என்று எழுதிக்கொண்டு, அம்மா பேர், ஊர் கேட்டார் அறிவிப்பாளர். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. அந்த மணலில் அவ்வளவு வேகமாக எப்படி வந்தார் என்று தெரியவில்லை.

"பேரு சொல்லாதீங்கண்ணா! மோகனூர்க்காரங்க நெறையப் பேரு வந்திருப்பாங்க. காதுல உழுந்தா புள்ளையக் கொண்டுபோயிருவாங்க."

"மொதல்ல கெடைக்கட்டும்மா" என்றேன்.

"கெடைக்கும். பேரு வேண்டாம்."

பேரில்லாமலே இரண்டு முறை அறிவித்தார்கள். என் மனைவி ஒரு திசையில், நான் ஒரு திசையில், ஊர்க்காவல் படைக்காரர் ஒருவர் ஒரு திசையில் ஓடினோம். அவர் மட்டும் ஓடவில்லை. ஓடவும் முடியாது. நேராகச் சிமெண்டுக் கட்டைக்குப் போனார். அதன்மேல் உட்காராமல், அதற்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். நான் சுற்றி வந்தபோது அவர் கைகளை ஊன்றி, தலையைத் தாழ்த்தி, போகிற வருகிறவர்களின் கால்களுக்கு இடையே பார்த்துக்கொண்டிருந்தார். மயங்கி விழப்போகிறார் என்று பயந்து பிடிக்கப் போனேன்.

"தள்ளுங்கண்ணா. நின்னு தேடுனா தலைதான் தெரியும். அவளுக்குத் தலையெல்லாம் தெரியாது. இங்கிருந்து என்ன தெரியுதோ அதப் பாத்துத்தான் போயிருப்பா."

பார்த்தார். பிறகு உட்கார்ந்தபடியே நகர்ந்தார். வீட்டுக்குள் நகர்வது போலவே. கூட்டம் விலகி வழிவிட்டது. சிலர் பிச்சைக்காரி என்று நினைத்தார்கள். ஒருவர் காசுகூட நீட்டினார். முப்பதடி தாண்டி ஒரு டெல்லி அப்பளக் கடை. மேசையைச் சுற்றித் தரை வரைக்கும் தொங்கிய துணியில் ஒரு மூலை தூக்கியிருந்தது. அதை விலக்கினார். உள்ளே எண்ணெய் டின்களுக்கு நடுவே பூங்கொடி உட்கார்ந்து, உடைந்து விழுந்த அப்பளத் துண்டுகளைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தாள்.

மணி ஆறு இருபத்தேழு. குழந்தை அழவில்லை. அவரும் அழவில்லை. அழுதது என் மனைவி.

பேருந்தில் குழந்தை தூங்கிவிட்டது. "கால் ரொம்ப வலிக்குதா?" என்று என் மனைவி கேட்டாள்.

"கால் வலிக்கலீங்க. மீதியெல்லாம் வலிக்குது."

இறங்குவதற்குச் சற்று முன் என் பக்கம் திரும்பி, "அண்ணா, நீங்க நோட்டுல எழுதுவீங்களே. இத எழுத வேண்டாமுங்க" என்றார்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நங்கையா வந்தார். கணவரும் வடநாட்டு லைனிலிருந்து திரும்பியிருந்தார். எங்களையும் காபிக்குக் கூப்பிட்டார்கள். நங்கையா குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். "பொருட்காட்சிக்குப் போனியா சாமி? என்ன பாத்தே?" என்றார்.

"ரயிலு. அப்பளம்." குழந்தை யோசித்தது. "அம்மா காணாப் போச்சு."

சீப்பு நின்றது. "ஆரு காணாப் போச்சு?"

"அம்மா. நா உக்காந்துட்டேன்."

கணவர் தம்ளரைக் கீழே வைத்தார். "கண்ணாமூச்சி ஆடினாங்க" என்றாள் என் மனைவி. சொன்ன வேகத்திலேயே பொய் தெரிந்தது.

"பொருட்காட்சிலயா கண்ணாமூச்சி?" நங்கையா என்னைப் பார்த்தார். "இந்தண்ணன் எல்லாத்தையும் எழுதி வெப்பாருன்னு சொல்லுவீங்களே. எடுத்துட்டு வாங்கண்ணா, என்ன எழுதியிருக்குதுன்னு பாப்பம்."

கொண்டுவந்து படித்தேன். படித்ததில் ஒரு சொல்லும் பொய்யில்லை. "அதுல ஒண்ணுமில்லியே அக்கா" என்றார் கணவர், மூச்சு விட்டபடி.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் குழந்தையின் அம்மாவே பேசினார்.

"எழுத வேண்டாம்னு சொன்னது நாந்தானுங்க நங்கையா. புள்ளையத் தொலைச்சேன். ஐஞ்சரையிலிருந்து ஆறரை வரைக்கும். நானேதான் கண்டும்புடிச்சேன்." இடது தொடையில் கையை வைத்தார். "ஒரு காலையே தூக்கித் தூக்கி வெச்சு நடக்கறேன். இந்தப் பொய்யையும் தூக்கிட்டு நடக்க என்னால ஆகாதுங்க."

நங்கையா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. பின்னலை முடித்து, ரிப்பன் கட்டினார்.

"உம்மேல கோவமில்ல அம்மிணி. இன்னிக்கு அப்பளக் கடை. நாளைக்கு ரோடு."

ரோடு என்றதும் கணவரின் முகம் மாறியது. லாரி ஓட்டுகிறவர். ரோட்டில் அவர் என்னென்ன பார்த்திருப்பார் என்று நமக்குத் தெரியாது. தரையைப் பார்த்துக்கொண்டே, "பள்ளிக்கூடம் சேக்கற வரைக்கும் அக்காகிட்ட இருக்கட்டும்" என்றார்.

குழந்தையின் துணிகளை அம்மாவே மடித்துப் பையில் வைத்தார். "நாளைக்கு மொதல் பஸ்ஸுக்கே போயிருங்க, கூட்டமிருக்காது" என்றார்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவர் மோகனூர் போய் வந்தார். நாமக்கல்லில் இறங்கி அடுத்த பேருந்து. போக வர ஒரு நாள். திங்கட்கிழமைகளில் மிஷின் சத்தம் கேட்காது. மார்கழியில் ஒரு திங்களன்று என் மனைவி கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் படுத்தபடியே சொன்னாராம்: "நங்கையாள அம்மாங்குதுங்கக்கா. என்னையப் பாத்தா, வந்துட்டியாங்குது. அவ்வளவுதான்."

தை பிறந்து பத்து நாளுக்குள் வீட்டைக் காலி செய்தார். நங்கையா கூப்பிடவில்லை, கணவரும் ஊரில் இல்லை. "அவிய ஊட்டுல ஒரு மூலை இருக்காதுங்களா? மிஷின் வெக்க எடம் போதும்" என்றார். மிஷினைப் பேருந்தில் ஏற்றிக் கொடுத்தது நான்தான். நடத்துநர் பின்னால் வைக்கச் சொன்னார். அவர் மடியிலேயே வைத்துக்கொண்டார். சன்னல் வழியாக என் மனைவியின் கையைப் பிடித்தார். "உங்க மேல தப்பில்லீங்கக்கா. நாந்தான் நின்னு கூட்டிட்டு வந்திருக்கோணும்" என்றார்.

அந்த ஆண்டே எனக்குத் தருமபுரிக்கு மாற்றல் வந்தது. கடிதம் போட முகவரி தெரியவில்லை. தேடியிருக்கலாம். தேடவில்லை.

1987 இறுதியில், நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைக்காரர் ஒருவர் பேருந்தில் பக்கத்து இருக்கையில் வந்தார். மோகனூர் சர்க்கரை ஆலைக்கு அடிக்கடி போகிறவர். நான் விசாரித்தபோது, அங்கே ஆலைக்குப் போகிற வழியில் ஒரு வீட்டின் முன்னறையில், கை மிஷின் வைத்து ஒரு அம்மா தைப்பதாகச் சொன்னார். இடது கால் ஊனமா என்று கேட்டேன். "உக்காந்துதான் பாத்திருக்கறேன், காலப் பாக்கலீங்க" என்றார். பக்கத்தில் ஏழு வயதுப் பெண் ஒன்று சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்ததாம். எழுதியதைக் காட்ட அந்த அம்மாவைக் கூப்பிட்டதாம்.

"என்னன்னு கூப்பிட்டுச்சு?"

"அத ஆருங்க கவனிச்சாங்க?" என்று சொல்லிவிட்டு அவர் ராசிபுரத்தில் இறங்கிக்கொண்டார்.

ஊர் பொருந்துகிறது, மிஷின் பொருந்துகிறது, குழந்தையின் வயதும் பொருந்துகிறது. அந்தப் பெண் அவரை என்னவென்று கூப்பிட்டது என்பதை மட்டும் என்னால் இன்றுவரை உறுதி செய்ய முடியவில்லை.